சேதுபதி சீமையும் கபாகாவின் நாடும்

ஆப்பிரிக்காக் கண்டத்தில், விக்டோரியா ஏரியின் வடகரையில், உகாண்டா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் கம்பாலா. அந்தக் கம்பாலா இருப்பது புகாண்டா என்னும் பழைய ராஜ்யத்தின் மடியில். புகாண்டா மன்னருக்குக் 'கபாகா' என்று பட்டம். மன்னர் இன்றும் இருக்கிறார். அவருக்கு அரண்மனை உண்டு, மந்திரிகள் உண்டு, 'லுகீகோ' என்ற சபையும் உண்டு. ஜனங்கள் அவர் முன்னால் மண்டியிட்டு வணங்குகிறார்கள். ஆனால் ஆளும் அதிகாரம் அவரிடம் இல்லை. 'எங்கள் ராஜ்யத்துக்குக் கூட்டாட்சி உரிமை கொடுங்கள்' என்று புகாண்டாக்காரர்களில் பெரும் பகுதியினர் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறார்கள். 'பெடரோ' என்பது அந்தக் கோரிக்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

இந்தக் கோரிக்கை நியாயமா? பழைய ராஜ்யங்கள் உயிரோடு இருக்கும் ஒரு நாட்டுக்குக் கூட்டாட்சி (முன்பெல்லாம் 'சமஷ்டி' என்று சொல்வோமே, அதுதான்) ஒத்துவருமா? உகாண்டாவின் வழக்கை இங்கே எதற்கு விசாரிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். புகாண்டாவில் நடந்த பல காரியங்கள், பெயரும் வருஷமும் மாறி, இந்தச் சேதுக்கரையில் முன்பே ஒரு தடவை நடந்தவைதான். முடிவு மட்டும் வேறு. அது ஏன் வேறானது என்று பார்ப்பதில் பிரயோஜனம் உண்டு.

சேதுபதிகள் சேதுவுக்குக் காவலர்கள். ராமேசுவரம் போகிற யாத்திரிகனுக்கு வழித்துணையாக இருப்பது அவர்கள் கடமை. அந்தக் கடமையிலிருந்துதான் அவர்கள் பட்டமே பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் அங்கீகாரத்துடன் போகலூரில் இருந்து ஆண்டார்கள். கிழவன் சேதுபதி காலத்தில் தலைநகரம் ராமநாதபுரத்துக்கு மாறியது. மதுரைக்குக் கட்டுப்படுவதும் நின்றது. சுமார் 1730-ல் பங்காளிச் சண்டையில் ராஜ்யம் உடைந்தது. வடக்கே ஒரு பகுதி தஞ்சாவூருக்குப் போயிற்று. மிச்சத்தை ஐந்தாகப் பிரித்து, மூன்று பங்கு ராமநாதபுரத்துக்கு, இரண்டு பங்கு சிவகங்கைக்கு என்று வைத்துக்கொண்டார்கள். 1985-ல் அதே ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் சர்க்கார் ஒரு உத்தரவு போட்டுத் தனித்தனி ஜில்லாக்களாகப் பிரித்தது. அதற்கு ஒரு வாளும் உருவ வேண்டியிருக்கவில்லை!

1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. 1803-ல் மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன்தாரிணி என்ற அந்தஸ்துடன் சனது கொடுத்தது. அன்றோடு அரசு போய், ஜமீன் வந்தது. நியாயம் வழங்கும் உரிமை இல்லை, படை இல்லை. நிலவரியை வசூலித்து, கம்பெனிக்குப் பேஷ்குஷ் கட்டிவிட்டு, மீதியை வைத்துக்கொள்ளலாம். 'அரண்மனை' என்ற பேரும் மரியாதையும் மட்டும் அப்படியே இருந்தன. பிறகு கடன், தத்து, வாரிசு என்று வழக்கு மேல் வழக்கு. ராமநாதபுரம் தத்து வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1868-ல் தீர்ந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

நிலம் யார் கையில்?

கம்பெனி 1803-ல் இங்கே செய்த காரியத்தை, பிரிட்டிஷார் 1900-ல் புகாண்டாவில் வேறு தினுசாகச் செய்தார்கள். அந்த வருஷத்து ஒப்பந்தத்தில் 8,000 சதுர மைல் நிலத்தைச் சுமார் ஆயிரம் தலைவர்களுக்கும் தனி ஆட்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். கபாகாவின் பதவிக்கென்று 350 சதுர மைல் ஒதுக்கினார்கள். சதுர மைல் கணக்கில் அளந்ததால், 'மைல்' என்ற சொல்லே அவர்கள் வாயில் 'மைலோ' என்றாகி, அந்த நில உரிமைக்கே பெயராகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழை போட்டு வந்த குடியானவன், காலையில் எழுந்தபோது இன்னொருவர் நிலத்தில் குடியிருப்பவன் ஆகிவிட்டான்.

இங்கே இருக்கிறது இரண்டு கதைகளுக்கும் உள்ள முதல் வித்தியாசம். நம் நாட்டில் அரசியல் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே, 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ராமநாதபுரம் ஜமீனைச் சென்னை சர்க்கார் 1949-ல் எடுத்துக்கொண்டது. உழுதவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் நின்ற கை விலகியது. சட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. 'பண்ணை நிலம்' என்ற பெயரில் பல ஜமீன்தார்கள் நிறையவே வைத்துக்கொண்டார்கள். இருந்தாலும், ராமநாதபுரத்துக் குடியானவன் கிஸ்தி கட்ட அரண்மனை வாசலுக்குப் போவது அன்றோடு நின்றது. உகாண்டாவில் அப்படி நடக்கவில்லை. 1975-ல் இடி அமீன் ஒரு உத்தரவில் மைலோவை ரத்து செய்தார். 1995 அரசியல் சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே மன்னர் என்றால் இன்றைக்கும் பக்திக்குரியவர் மட்டுமல்ல, நிலச்சொந்தக்காரரும்கூட.

ஆகவே புகாண்டாவுக்குக் கூட்டாட்சி கொடுக்கலாமா என்று கேட்பவர்கள், முதலில் நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். நிலமும், ஜனங்களின் பக்தியும், ஆட்சியும் ஒரே கையில் சேர்ந்தால், அந்தக் கையை எந்த ஓட்டுப் பெட்டியாலும் கேள்வி கேட்க முடியாது.

ராமநாதபுரத்தில் ஓட்டுப் பெட்டி கேள்வி கேட்டது. 1937 தேர்தலில் ராமநாதபுரம் ராஜா ஜஸ்டிஸ் கட்சியின் ஆதரவோடு நின்றார். எதிர்த்து நின்றவர் காங்கிரஸ் வேட்பாளர் உ. முத்துராமலிங்கத் தேவர். ராஜா தோற்றார். தன் ஜமீன் கிராமங்களிலேயே ஒரு ராஜா ஓட்டுக் கேட்டுத் தோற்றுப்போவது என்பது அந்தக் காலத்தில் சாமானியமான காரியமா? ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 1952-ல் அதே அரண்மனையின் சண்முக ராஜேசுவர சேதுபதி சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராஜாஜி மந்திரிசபையிலும் பிறகு காமராஜ் மந்திரிசபையிலும் மந்திரியாக இருந்தார். அந்தப் பதவி ஜனங்கள் போட்ட ஓட்டினால் வந்தது. அடுத்த தேர்தலில் பறிக்கவும் அவர்களால் முடியும்.

மன்னரே ஜனாதிபதி ஆனபோது

உகாண்டா 1962 அக்டோபர் 9-ஆம் தேதி சுதந்திரம் அடைந்தது. அப்போது எழுதிய அரசியல் சட்டத்தில் புகாண்டாவுக்கு மட்டும் முழுக் கூட்டாட்சி அந்தஸ்து. புன்யோரோ, தோரோ, அங்கோலே, புசோகா ஆகியவற்றுக்கு அரைக் கூட்டாட்சி. ராஜ்யமே இல்லாத வடபகுதி ஜனங்களுக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் வெறும் ஜில்லாக்காரர்கள். ஒரே நாட்டில் மூன்று தரம்!

அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்லிமெண்டுக்குப் புகாண்டாவின் அங்கத்தினர்களை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. லுகீகோ சபை தேர்ந்தெடுத்து அனுப்பியது. இதைப் படிக்கும்போது நமக்கு 1935-ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் ஞாபகம் வர வேண்டும். அந்தச் சட்டமும் ஒரு சமஷ்டியைப் போட்டது. மத்திய சட்டசபையில் சமஸ்தானங்களுக்கு 125 இடம் வரை உண்டு. அந்த இடங்களுக்கு ஆள் அனுப்புவது மகாராஜாக்களின் இஷ்டம். பிரஜைகளுக்கு அதில் பேச்சில்லை. போதுமான சமஸ்தானங்கள் சேரச் சம்மதிக்காததால் அந்தச் சமஷ்டி பிறக்கவே இல்லை. பிறந்திருந்தால், 1966-ல் கம்பாலாவில் நடந்தது நமக்கும் டெல்லியில் நடந்திருக்கலாம்.

கம்பாலாவில் என்ன நடந்தது? 1963-ல் கபாகா இரண்டாம் முட்டேசா உகாண்டாவின் ஜனாதிபதி ஆனார். பிரதம மந்திரி மில்டன் ஒபோட்டே, ராஜ்யமே இல்லாத வடக்கத்திக்காரர். முன்பு பிரிட்டிஷார் புன்யோரோ ராஜ்யத்திலிருந்து பிடுங்கிப் புகாண்டாவுக்குக் கொடுத்த சில தாலுகாக்கள் உண்டு. அவற்றில் இரண்டில் 1964-ல் ஜன வாக்கெடுப்பு நடந்தது. நாங்கள் புன்யோரோவுக்கே திரும்பப் போகிறோம் என்று அந்த ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். நாட்டின் ஜனாதிபதி என்றால் அந்த முடிவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். புகாண்டாவின் மன்னர் என்றால் தன் ராஜ்யத்தின் மண்ணைத் தானே எப்படி எழுதிக் கொடுப்பது? முட்டேசா கையெழுத்துப் போடவில்லை. ஒரு தலையில் இரண்டு கிரீடம் வைத்தவர்களைத்தான் இதற்குக் குற்றம் சொல்ல வேண்டும். அந்த மனிதரைச் சொல்லிப் பயனில்லை.

1966 பிப்ரவரியில் ஒபோட்டே அரசியல் சட்டத்தை நிறுத்திவைத்தார். மே மாதம் லுகீகோ கூடி, மத்திய சர்க்கார் புகாண்டா மண்ணைவிட்டு வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தது. தலைநகரம் இருப்பதே புகாண்டாவுக்குள். சர்க்கார் எங்கே போகும்? மே 24-ஆம் தேதி இடி அமீன் தலைமையில் பட்டாளம் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. மன்னர் தப்பி லண்டனுக்குப் போய், 1969-ல் அங்கேயே இறந்தார். 1967-ல் ராஜ்யங்கள் அத்தனையையும் ஒபோட்டே ஒரே சட்டத்தில் ஒழித்தார். அரண்மனைக்குள் நுழைந்த பட்டாளம் அதிகார ருசி கண்டுவிட்டது. 1971-ல் ஒபோட்டேயையே விரட்டியது. பிறகு எட்டு வருஷம் உகாண்டா பட்ட பாட்டை உலகம் அறியும்.

நம் நாட்டிலும் மன்னர்கள் மாநிலத் தலைவர்களாக இருந்ததுண்டு. 'ராஜப்பிரமுகர்' என்று பெயர். திருவாங்கூர்-கொச்சியிலும் மைசூரிலும் இருந்தார்கள். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் அதற்கும் முன்பே, 1948 மார்ச்சில், சென்னை மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. மைசூர் மகாராஜா கவர்னராகி, பிறகு சென்னைக்கே கவர்னராக வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தனி ராஜ்யம் இல்லாததால் ஒரு சங்கடமும் வரவில்லை.

நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். உகாண்டாவுக்குக் கூட்டாட்சி பொருந்தும். பல மொழி, பல ஜாதி ஜனங்கள் வாழும் நாட்டைக் கம்பாலாவில் உட்கார்ந்த ஒரு மனிதர் ஆளுவது நல்லதல்ல. ஆனால் அந்தக் கூட்டாட்சியின் உறுப்பு ஜனங்களாக இருக்க வேண்டும். மணிமுடியாக இருக்கக் கூடாது.

'மன்னர் இல்லாவிட்டால் எங்கள் பாஷையையும் வழக்கத்தையும் யார் காப்பாற்றுவார்கள்?' என்று புகாண்டாக்காரர்கள் கேட்பதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நம் சேதுபதிகள் தமிழுக்குச் செய்ததை யார் மறக்க முடியும்? 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கம் எழுந்தது அந்தக் குடும்பத்துப் பாண்டித்துரைத் தேவர் முயற்சியால். விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கம் கொடுத்தவர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரி 26-ல் சுவாமி பாம்பனில் கரை இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே.

ஆனால் அதே 1897-ல், அதே ஜமீனில், கமுதியில் இன்னொரு சம்பவம் நடந்தது. மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோவிலின் பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் அரண்மனை வழக்குப் போட்டது. வழக்கம்தான் சட்டம் என்று கீழ்க்கோர்ட்டும் ஹைக்கோர்ட்டும் சொல்லின. 1908-ல் பிரிவி கவுன்சிலும் அதையே சொல்லியது. அந்தக் கதவைத் திறந்தவை, 1939-லும் 1947-லும் சென்னைச் சட்டசபை செய்த ஆலயப் பிரவேசச் சட்டங்கள். வழக்கத்தைக் காப்பாற்றுகிறவர் வழக்கத்தில் உள்ள அநியாயத்தையும் சேர்த்தே காப்பாற்றுவார். அது அவர் பதவியின் குணம். உகாண்டாவில் அங்கோலே ஜனங்கள் இதை அனுபவித்தவர்கள். 1993-ல் மற்ற ராஜ்யங்கள் திரும்ப வந்தபோது அங்கோலேயின் முடி மட்டும் திரும்பவில்லை. மாடு மேய்க்கும் ஹிமாக்கள் ஆண்ட காலத்தை, உழுது பிழைத்த இரு மக்கள் திரும்பக் கேட்கத் தயாராக இல்லை.

1995 சட்டப்படி உகாண்டா மன்னர்கள் பண்பாட்டுத் தலைவர்கள். கட்சி அரசியலில் இறங்கக் கூடாது. 2005-ல், ராஜ்யத்தின் எல்லைக்குள் ஒரு மண்டல அரசு அமைக்கலாம் என்ற திருத்தம் அரசியல் சட்டத்தில் ஏறியது. மெங்கோ அதை ஏற்கவில்லை. மண்டல அரசு ஏட்டோடு நின்றுவிட்டது. 2009-ல் கபாகா தன் ராஜ்யத்தின் ஒரு பகுதியான கயுங்காவுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் தடுத்தது. கம்பாலா பற்றி எரிந்தது, உயிர்கள் போயின. ஒரு மன்னர் தன் ஊருக்குப் போவதைத் தடுக்கும் சர்க்காரைப் பார்த்து ஜனங்கள் கூட்டாட்சி கேட்டால், அதில் என்ன ஆச்சரியம்?

கச்சத்தீவு சொல்வது

இத்தனையும் எழுதியபின், 'அப்படியானால் ராமநாதபுரத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதா?' என்று நேயர்கள் கேட்பார்கள். முடியவில்லை. மன்னரிடமிருந்து எடுத்ததை ஜனங்களிடம் கொடுத்தால்தான் காரியம் முழுமையாகும். இந்தக் கரையில் ஒரு துண்டு நிலம் நடுவழியில் தவறிப்போயிற்று.

ராமேசுவரத்துக்கு வடகிழக்கே கச்சத்தீவு இருக்கிறது. பரப்பு 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது. வலை உலர்த்த இடமும், ஒரு அந்தோணியார் கோவிலும் உண்டு. இந்தத் தீவு ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்ததென்று, ஜமீன் விட்ட குத்தகைகளை வைத்துத் தமிழ்நாடு சொல்கிறது. ஜமீன் ஒழிந்தபோது அதன் சொத்துக்கள் மாநில சர்க்காருக்கு வந்தன. 1974 ஜூன் மாதம் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. அன்றைய முதலமைச்சரிடம் முன்கூட்டிச் சொன்னார்களா, சொன்னதற்கு அவர் என்ன சொன்னார் என்பதில் கட்சிகளுக்குள் இன்றும் சண்டை உண்டு. சட்டசபையின் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதில் சண்டை இல்லை. மாநில சுயாட்சி வேண்டும் என்று அந்தச் சட்டசபை தீர்மானம் போட்டது அதே வருஷம் ஏப்ரலில். இரண்டே மாதத்தில் பதில் வந்துவிட்டது!

1976 மார்ச்சில் இன்னொரு கடிதப் பரிமாற்றம்: இரு நாட்டு மீனவர்களும் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றானது. அப்போது தமிழ்நாட்டில் கேட்பதற்குச் சட்டசபையே இல்லை. ஜனவரி 31-ஆம் தேதி மந்திரிசபையைக் கலைத்து ஜனாதிபதி ஆட்சி வைத்திருந்தார்கள்.

எல்லை முன்பே தீர்மானமாகாத தீவு அது, ஆகவே இந்திய மண்ணை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்பது மத்திய சர்க்காரின் வாதம். வாதம் இருக்கட்டும். மேற்கு வங்காளத்தின் பெருபாரி விஷயத்தைப் பாருங்கள். 1958-ல் நேரு அதில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். வங்காளம் கொதித்தது. 1960-ல் சுப்ரீம் கோர்ட், அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் மண்ணைக் கொடுக்க முடியாது என்று அபிப்பிராயம் சொன்னது. சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனாலும் இழுபறியில் கைமாறவில்லை. கடைசியில் 1974 மே மாதம் வங்காள தேசத்தோடு செய்த ஒப்பந்தத்தில் பெருபாரி இந்தியாவோடு தங்கிவிட்டது. மே மாதம் பெருபாரி தங்கியது; ஜூன் மாதம் கச்சத்தீவு போயிற்று.

இதனால் நஷ்டப்பட்டவர்கள் யார்? சேதுபதி அல்ல; அவருக்கு அந்தத் தீவு 1949-லேயே போய்விட்டது. ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்கள்தான். இதில் ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நம் விசைப்படகுகளின் இழுவலை கடலடியை வாரிக்கொண்டு போவதால், அக்கரையில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவனின் வயிறு காய்கிறது. இலங்கை 2017-ல் இழுவலையைச் சட்டம் போட்டுத் தடுத்ததில் நியாயம் இருக்கிறது. தீவு திரும்பினாலும் அந்தத் தகராறு தானாகத் தீராது. ஆனால் 1974-ல் சட்டசபையைக் கேட்டிருந்தால், இந்த மீன்பிடித் தகராறு அன்றைக்கே சபையில் பேசப்பட்டிருக்கும். ஒப்பந்தத்தில் மீனவனுக்கென்று தெளிவாக ஒரு வரியாவது ஏறியிருக்கும். இப்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் படகு பறிமுதலும் சிறைவாசமும்.

கூட்டாட்சி கேட்கிற புகாண்டாக்காரர்கள் இந்த 285 ஏக்கரை ஒரு தடவை பார்க்க வேண்டும். உறுப்பு மாநிலம் என்று பெயர் இருந்தும், தன் மண்ணையும் கடலையும் பற்றிச் சம்மதம் சொல்லும் உரிமை இல்லையென்றால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது ஷரத்து, மாநில எல்லையை மாற்றும்போது சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேள் என்கிறது. கேட்டபடி நட என்று சொல்லவில்லை. 2014-ல் ஆந்திர சட்டசபை வேண்டாம் என்று தள்ளிய மசோதாவைப் பார்லிமெண்டு அடுத்த மாதமே நிறைவேற்றித் தெலுங்கானாவைப் பிரித்தது. அந்நிய நாட்டுக்கு மண்ணைக் கொடுப்பதானால் சட்டசபையைக் கேட்க வேண்டும் என்றுகூட அந்த ஷரத்தில் இல்லை.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபை கச்சத்தீவைத் திரும்பப் பெற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நல்ல தீர்மானம். அதோடு, ஒரு மாநிலத்தின் நிலத்தையோ கடல் எல்லையையோ பற்றி அந்நிய நாட்டோடு செய்யும் எந்த ஒப்பந்தமும் அந்த மாநிலச் சட்டசபையின் சம்மதம் பெற்ற பிறகே செல்லும் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தும்படியும் கேட்டிருக்கலாம். இனிமேலாவது கேட்கலாம்.